பதினேழாம் இலக்கம் போன பின்னும் கை தட்டிய அப்பா

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகளின் வணக்கம். எழுதும்படி அம்மா கேட்டபோது, சனிக்கிழமைப் பள்ளியில் படித்த தமிழ் இதற்குப் போதுமா என்று பயந்தேன். "நீ எழுது, பிழையளை நான் பாக்கிறன்" என்றார். எழுதியதை வாசித்துவிட்டு, "என்னடி இது, முழுக்க ஹாண்ட்போலாக் கிடக்கு" என்றார். ஓம், அப்படித்தான் கிடக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். அப்பாவை நான் அதிகம் அறிந்தது அந்த ஹாண்ட்போல் ஹாலின் பார்வையாளர் வாங்குகளில் இருந்துதான்.

அப்பா அளவெட்டியில் ஐந்து பிள்ளைகளில் நாலாவதாகப் பிறந்தார். இளவயதில் கரப்பந்தாட்டம் விளையாடியவர். பந்தை வலைக்கு மேலே பதமாக உயர்த்திக் கொடுப்பது அவர் வேலை. அதை அடித்துப் புள்ளி எடுப்பது இன்னொருவர். "அடிக்கிறவன்ர பேரைத்தான் ஊர் சொல்லும்" என்று சிரிப்பார். நாட்டு நிலைமையால் புறப்பட்டு டென்மார்க் வந்து, அகதி முகாமில் ஒரு குளிர்காலம் இருந்து, பிறகு ஒடென்சேயில் குடியேறினார். இறைச்சித் தொழிற்சாலையில் முதுகு தாங்கும்வரை வேலை செய்தார். முதுகு மறுத்த பிறகு டேனிஷ் மொழியைத் திருத்தமாகப் படித்து, முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளரானார். இரண்டு தங்கைமாரையும் கரைசேர்த்த பின்னரே தாம் திருமணம் செய்தார். இவை உங்களில் பலருக்குத் தெரிந்தவை. தெரியாத ஒன்றைச் சொல்கிறேன்.

நான் இடக்கைக்காரி. எட்டு வயதில் பிரெடெரிசியாவில் ஒரு கல்யாண வீட்டில் வாசலில் நின்று சந்தனத் தட்டை இடக்கையால் நீட்டிவிட்டேன். வந்தவர்களில் ஒருவர் தட்டைத் தொடாமல் உள்ளே போனார். "பொம்பிளைப்பிள்ளை, இப்பவே திருத்தாட்டி நாளைக்குப் போற இடத்திலை என்ன சொல்லுவினம்?" என்று அப்பாவிடம் இன்னொருவர் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அப்பா, சாப்பாட்டு நேரத்தில் என் இடக்கைக்கு ஒரு சொக்ஸைப் போட்டுவிட்டார். அடிக்கவில்லை, பேசவுமில்லை. மூன்று கிழமை வலக்கையால் சோற்றைச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டேன். அப்பா செய்த பிழைகளில் இது ஒன்று. அவரே பலரிடம் சொல்லி வருந்தியதால் இங்கே எழுதத் துணிந்தேன்.

அந்தக் குளிர்காலம் முதியோர் இல்லத்தில் கூட வேலை செய்தவர் போக முடியாத ஓர் ஆட்டத்துக்கான இரண்டு சீட்டை அப்பாவிடம் கொடுத்தார். பெண்கள் ஹாண்ட்போல். அணிக்கு ஏழு பேர், பந்தைக் கையால் எறிந்து வலைக்குள் போட வேண்டும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். ஹாலின் சூட்டுக்காகவே போனோம். அங்கே முதுகில் பதினேழாம் இலக்கம் போட்ட ஒரு பிள்ளை வலப்பக்கத்திலிருந்து ஓடி வந்து, மேலே எழும்பி, இடக்கையால் எறிந்தாள். வலை அதிர்ந்தது. ஹால் முழுக்க எழுந்து நின்றது.

பக்கத்தில் இருந்த போடில் என்ற வயதான டேனிஷ் அம்மா அப்பாவுக்கு விளக்கினார்: வலப்பக்கத்திலிருந்து எறிய இடக்கைக்காரருக்குத்தான் கோணம் விரியும், அப்படி ஒருத்தி கிடைக்க அணிகள் தவம் கிடக்கும். அப்பா திரும்பி என் கையைப் பார்த்தார். ஆட்டம் முடியும்வரை அடிக்கடி பார்த்தார்.

அன்று மாலை அம்மா சொக்ஸை எடுத்து வந்தார்.

"விடும்," என்றார் அப்பா. "அது காலுக்குப் போடுற சாமான்."

அதன் பிறகு நாலு ஆட்டப் பருவம், ஒடென்சேயில் நடந்த ஆட்டம் ஒன்றையும் நாங்கள் விடவில்லை. அப்பாவுக்கு அவள் 'எங்கட பிள்ளை'. அவள் கையில் பந்து வந்தால், "எறி பிள்ளை, எறி" என்று கத்துவார். ஒரு பருவத்துக்குள் போடிலும் "எறி" என்று கத்தப் பழகினார். அடுத்த பருவத்தில் எங்கள் வரிசையே கத்தியது. நான் பள்ளியில் பென்சிலை இடக்கையில் பிடித்துக்கொண்டு, அதைப் பந்தாக நினைத்துக்கொள்வேன். சந்தனத் தட்டைத் தொடாமல் போனவரை ஒரு நாள் இந்த ஹாலுக்குக் கூட்டி வர வேண்டும் என்று திட்டமும் போட்டிருந்தேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதான ஜனவரியில், பருவத்தின் நடுவில், கழகம் அவளை ஜேர்மனியில் ஓர் அணிக்கு விற்றது. பள்ளியில் செய்தியைப் பார்த்துவிட்டுச் சைக்கிளில் பறந்து வந்தேன். எங்கள் வீட்டு வழக்கப்படி நான் டேனிஷில் கத்த, அப்பா தமிழில் பதில் சொன்னார்.

"அப்பா, பதினேழை வித்துப்போட்டாங்கள்."

அப்பா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார். "ஆளை விக்கிறதெண்டு சொல்லாதை பிள்ளை. அவ போறா, அவ்வளவுதான்."

"அவவும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கிறா."

"போட்டிருப்பா."

"இடக்கையாலைதான் போட்டிருப்பா" என்றார் அம்மா அடுப்படியிலிருந்து.

எனக்கு அது சிரிப்பாக இல்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மற்றவர்களுக்கு அவள் ஒரு நல்ல ஆட்டக்காரி. எனக்கு அவள் என் கைக்குக் கிடைத்த அனுமதிச் சீட்டு. அவள் போனால் அதுவும் போய்விடும் என்று நம்பினேன். சுவரில் இருந்த அவள் படத்தைக் கிழித்தேன், பிறகு ஒட்டினேன், பிறகு திரும்பக் கிழித்தேன்.

அடுத்த சனிக்கிழமை அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "வாறியோ பிள்ளை?"

"வரேல்லை. அந்த இடத்திலை இப்ப ஆர் விளையாடுறது?"

"ஒரு வலக்கைப் பிள்ளையாம். புதுசு."

அவர் தனியாகப் போனார். அடுத்த ஆட்டத்துக்கும் கேட்டார், அடுத்ததற்கும் கேட்டார். ஒரு நாள் நான் கேலியாகவே கேட்டேன்: "உங்கட வலக்கைப் பிள்ளை என்ன செய்யிறா?"

"பாவம், கோணம் வருகுதில்லை. எறியிறதெல்லாம் வெளியிலை போகுது."

"அப்ப என்னத்துக்குப் போறியள்?"

"நல்லா விளையாடினவவுக்கு ஊரே கை தட்டினது. இவளுக்கு ஆர் தட்டுறது?"

பதில் எனக்கு எரிச்சலைத்தான் தந்தது. அந்த வருடங்களில் இங்கிருந்த தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாக லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தன. அப்பாவின் உயிர்த் தோழர்களும் போனார்கள். அவர்களின் கட்டில், அலுமாரி எல்லாவற்றையும் பழுதான முதுகோடு வான் வண்டியில் ஏற்றிக் கொடுத்தவர் அப்பா. வான் போன மறுநாள் சனிக்கிழமை என்றால் வழமைபோலத் தமிழ்ப் பள்ளிக் கதவைத் திறந்து கதிரைகளை அடுக்குவார். ஒரு காலத்தில் என் வகுப்பில் நாலு பேர்தான் மிஞ்சியிருந்தோம். நாலு பேருக்கும் அவர் தேநீரும் பிஸ்கற்றும் கொண்டு வந்தார். போனவர்களைப் பற்றி ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. ஹாலில் அவர் செய்ததும் இதுதான் என்று விளங்க எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

பிறகு நானும் போனேன். கோப்பன்ஹேகனில் படிப்பு, ஹ்விடோவ்ரேயில் வாடகை அறை. என் மேசையை மூன்றாம் மாடிக்குத் தூக்கி வந்தவரும் அப்பாதான். மூச்சு வாங்க இருந்து, யன்னலைத் திறந்து மூடிப் பார்த்து, "நல்ல வெளிச்சம்" என்றார். சனிக்கிழமைகளில் தொலைபேசியில் ஆட்டத்தின் முடிவைச் சொல்வார். நான் கேட்காமலே சொல்வார். சில வேளை பேச்சைச் சுருக்கி வைத்துவிடுவேன்.

ஈரலில் நோய் என்று தெரிய வந்தபோது காலம் கடந்திருந்தது. நான் அறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். வந்த முதல் சனிக்கிழமை, சாய்கதிரையில் கிடந்தபடி, காற்றுப்போல ஒரு குரலில் அப்பா கேட்டார்: "வாறியோ பிள்ளை?"

நான் கோட்டை எடுத்தேன்.

சக்கர நாற்காலிக்காகப் போடில் முன்கூட்டியே சொல்லி, ஹாலின் பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தார். கோப்பி வாசம் அப்படியே இருந்தது. ஆட்டக்காரர்களில் ஒருத்தியையும் எனக்குத் தெரியவில்லை. அப்பா ஒவ்வொருவராகக் காட்டினார்: இவ தாதி, இவவுக்கு முழங்கால் வருத்தம், இவ போன மாதம் கல்யாணம் முடிச்சவ. வலப்பக்கத்தில் நின்றது அந்த வலக்கைப் பிள்ளை. இத்தனை வருடத்தில் அணியின் தலைவியாகிவிட்டாள். எங்கள் கண் முன்னே ஓடி வந்து எறிந்தாள். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. அப்பாவுக்குக் கை தட்டப் பலமில்லை. தொடையில் மெல்லத் தட்டினார். நான் எழுந்து நின்று தட்டினேன். உள்ளங்கை எரியும்வரை தட்டினேன்.

தோற்றுத்தான் போனார்கள். ஆட்டம் முடிந்ததும் அவள் நேரே வந்து நாற்காலியின் பக்கத்தில் குந்தினாள்.

"என் முதல் பருவத்தில் ஹாலே என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது," என்று என்னிடம் டேனிஷில் சொன்னாள். "இந்த வரிசையிலிருந்து மட்டும் ஒரு சத்தம் வரும். 'எறி.' இவ்வளவு நாளும் கேட்க வெட்கம். அதற்கு என்ன பொருள்?"

"எறி என்றுதான் பொருள்" என்று டேனிஷில் சொன்னேன்.

"நல்லது," என்று சிரித்தாள். "நானும் அதைத்தானே செய்தேன்."

காரில் வரும்போது, பத்து வருடமாக வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன். "அப்பா, பதினேழிலை உங்களுக்குக் கோவமே வரேல்லையா?"

"வந்தது. அண்டைக்கு வெங்காயத்துக்கே கண் கலங்கினது?"

"பிறகு?"

"நாலு வருசம் எங்களோடை விளையாடினவ. அது காணாதே, பிள்ளை? போதும்தானே."

பதினொரு நாள் கழித்து, அம்மா ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்திருக்க, அப்பா அமைதியாகப் பிரிந்தார்.

அப்பாவை வலியில்லாமல் பார்த்துக்கொண்ட வைத்தியசாலைத் தாதிமாருக்கும், அவருடைய இடத்திலும் சேர்த்து வேலை செய்த முதியோர் இல்லத்து நண்பர்களுக்கும், சமைத்துக் கொண்டுவந்து அம்மாவைச் சாப்பிட வைத்த அயலவர்களுக்கும், லண்டனிலிருந்து ஓடோடி வந்து பாடையைச் சுமந்த, அப்பாவின் தோழர்களான மாமாமாருக்கும், கிரியைகளைச் செய்வித்த ஐயாவுக்கும், ஹால் வாங்கில் அப்பா இருந்த இடத்தில் இன்னமும் எவரையும் இருக்க விடாத போடிலுக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

கடைசியாக, இதை ஒருநாளும் வாசிக்கப்போகாத பதினேழுக்கு. நான் உங்களைப் பத்து வருடம் திட்டினேன். எங்களோடு விளையாடிய நாலு பருவத்துக்கும் நன்றி.

காணாது, அப்பா. ஆனாலும் நன்றி.