பேசின விலைக்கு இருபத்துநாலு படம்

படம் பிடிக்கும் தொழிலில் வெளிச்சத்தைச் சமாளித்துவிடலாம், முதலாளியைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கிட்ட ஒரு ஸ்டூடியோவில் நான் வேலைக்கு நின்ற காலம் அது. சண்டையால் மின்சாரம் நின்று நெடுநாளாகியிருந்தது. கலர்ப் படம் கழுவ வழியில்லை, கறுப்பு வெள்ளைதான். அதையும் சுவரில் துளை போட்டு, வெளியே கண்ணாடி வைத்து, வெயிலை இருட்டறைக்குள் இழுத்துத்தான் அச்சடிப்போம். வானம் மூடினால் எங்களுக்கும் விடுமுறை. இந்தக் கரைச்சலுக்குள் முதலாளி ஒரு விலை பேசுவார், பிறகு வேறொரு விலை கேட்பார். நீங்களும் எங்காவது ஒரு கடை வாசலில், பேசின விலை எழுதிய துண்டுச் சீட்டைக் கையில் பிடித்தபடி முழித்துக்கொண்டு நின்றிருப்பீர்கள். அந்தத் துண்டை எழுதிக் கொடுத்தவன் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

துண்டு

யாழ்ப்பாணக் கரையோரக் கொழும்புத்துறையிலிருந்து திரேசக்கா வந்தார். கணவர் காலமாகிவிட்டார், மீன் விற்றுத்தான் மகளுக்குக் கலியாணம் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். மகன் கனடாவில். தங்கச்சியின் கலியாணத்துக்கு வர அவனுக்கு வழியில்லை. அல்பத்திலாவது பார்க்கட்டும் என்பது தாயின் ஆசை. அல்பத்தோடு இருபத்துநாலு படம், அறுநூறு ரூபாய் என்று முதலாளி பேசி முடித்தார். நான் முற்பணமாக முந்நூறை வாங்கிக்கொண்டு துண்டு எழுதினேன்.

திரேசக்கா அதை நாலாக மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்தார். "பேந்து விலையைக் கூட்டமாட்டியளே முதலாளி?" என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டார். முதலாளி நெஞ்சில் கை வைத்துச் சொன்னது இது: "என்னக்கா உப்பிடிக் கேக்கிறியள்? எனக்கு ஒரு நாக்குத்தான்!"

வெறும் சத்தம்

சுருள் ஒன்றில் பன்னிரண்டு படம். இரண்டு சுருளோடு கலியாணத்துக்குப் போனேன். பிளாஷுக்குப் பட்டரி கிடைக்காததால் கோயில் முற்றத்து வெயிலில் எல்லோரையும் நிறுத்தித்தான் எடுத்தேன். திரேசக்கா சமையலுக்கும் சபைக்கும் ஓடிக்கொண்டிருந்தார். "அம்மா வந்தால்தான் நிப்பன்" என்று கலியாணப் பொம்பிளை அடம்பிடித்துத் தாயின் கையைப் பிடித்து இழுத்து வருவாள். அப்படித்தான் அவர் பத்துப் படங்களில் விழுந்தார்.

இருபத்துநாலும் முடிந்த பிறகுதான் சொந்தக்காரர் புதுச்சட்டையோடு வரிசையாக வந்தார்கள். சுருள் முடிந்துவிட்டது என்று சொன்னால் அடுத்த தலைமுறைவரை கோபம் நிற்கும். இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்கு வழி தெரியும். வெறும் கமராவைத் தூக்கிப் பிடித்து, "சிரியுங்கோ" என்று சொல்லி, டிக்கென்று ஒரு சத்தம். எல்லோருக்கும் சந்தோசம். பெரியப்பா ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். "தம்பி, நான் கண்ணை மூடிப்போட்டன் போலை. அதை விட்டிட்டு இன்னொண்டு எடும்!"

கடதாசி விலை

இரண்டு கிழமைக்குள் படம் அடிக்கும் கடதாசி இரண்டு மடங்கு விலையாகிவிட்டது. உள்ளதுதான், பொய்யில்லை. ஆனால் முதலாளி பழைய கடதாசியில் எல்லாவற்றையும் அடித்து முடித்துவிட்டு, ஆயிரம் ரூபாய் கேட்டார். திரேசக்கா மிச்ச முந்நூறை மட்டும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்திருந்தார். சனிக்கிழமை ஊர்க்காரர் ஒருவர் கிளாலிக் கடல் தாண்டிக் கொழும்புக்குப் போகிறார், அல்பத்தை அவர் கையில் கொடுத்தால் அங்கிருந்து தபாலில் போய்விடும். அவரைத் தவறவிட்டால் அடுத்த ஆள் எப்போது போவார் என்று யாருக்கும் தெரியாது.

திரேசக்கா சண்டை பிடிக்கவில்லை. செபப் புத்தகத்திலிருந்து துண்டை எடுத்து மேசையில் விரித்தார், அவ்வளவுதான். எனக்குத்தான் கோபம் ஏறிவிட்டது. "அண்ணை, அது என்ரை கையெழுத்து. அறுநூறெண்டு தெளிவாக் கிடக்கு" என்றேன். முதலாளி துண்டைத் தொடவுமில்லை. "துண்டு பழசு. விலை புதுசு. வேணுமெண்டால் அறுநூறுக்குப் பதினாலு படம் எடுக்கச் சொல்லு!"

ஒதுக்கிய பத்து

சொல்லிவிட்டு அவர் இருட்டறைக்குள் போய்விட்டார். இருபத்துநாலு படத்தையும் மேசையில் பரப்பினேன். வழக்கமாக இப்படியான நேரத்தில் ஆட்கள் பழைய மனக்கசப்பை எல்லாம் தீர்த்துக்கொள்வார்கள். மச்சாள் வேண்டாம், அந்தச் சித்தப்பா வேண்டாம் என்று தள்ளுவார்கள். திரேசக்கா ஒவ்வொன்றாகக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். ஒரு பத்தைப் பக்கத்தில் அடுக்கினார். பதினாலை என் பக்கம் நகர்த்தினார்.

ஒதுக்கியதை எடுத்துப் பார்த்தேன். பத்திலும் அவர் நின்றார். தான் நிற்கிற ஒரு படத்தைக்கூட அவர் மகனுக்கென்று எடுத்து வைக்கவில்லை. "என்னக்கா இது?" என்றேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "என்ரை முகம் அவனுக்கு மனப்பாடம் தம்பி. மாப்பிளையைத்தான் அவன் இன்னும் காணேல்லை."

முதல் பக்கம்

இருட்டறைத் துணிக்குப் பின்னால் நின்ற முதலாளிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். வெளியே வந்து பத்துப் படத்தையும் கையில் எடுத்தார். ஒன்றில்கூட அந்தத் தாய் கமராவைப் பார்க்கவில்லை, மகளைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். "உதுகளை ஆருக்கண்ணை விக்கப்போறியள்?" என்று மெல்லக் கேட்டேன்.

முதலாளி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இருபத்துநாலையும் தன் கையாலேயே ஒட்டினார். தாயும் மகளும் நிற்கிற படம் முதல் பக்கத்துக்குப் போனது. முந்நூறை எண்ணாமல் மேசை லாச்சிக்குள் போட்டார். திரேசக்கா அல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கும்போது முதலாளி பின்னால் உறுமினார்: "பழைய விலைக்குக் குடுத்தனெண்டு ஊருக்குள்ளை கதைச்சுப்போடாதேங்கோ!"

கடிதம்

ஐந்தாறு மாதம் கழித்துத் திரேசக்கா கடைக்கு வந்தார். கையில் மகனின் கடிதம். அல்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டேன். சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னார்: "மாப்பிளை நல்ல வடிவெண்டு ஒரு வரி தம்பி. நான் மெலிஞ்சு போனனெண்டு மூண்டு பக்கம்."

முதலாளி ஆயிரத்துக்குக் குறைந்த அந்த நானூறையும் என் சம்பளத்தில் கழித்துக்கொண்டார் என்பதையும், பேசின சம்பளம் குறைந்ததற்கு நான் சண்டை பிடிக்காத ஒரே மாதம் அதுதான் என்பதையும் உங்களுக்கு மட்டும் சொல்லி வைக்கிறேன்.