ஒன்பதாவது வழி

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் சும்மா இட்லி தின்றுவிட முடியாது. தட்டு முன்னால் வந்ததும் அப்பா ஒரு புதிர் போடுவார். விடை சொன்ன பிறகுதான் சட்னி. அம்மா இதை அக்கிரமம் என்பாள். ஆனால் அடுப்படியிலிருந்து முந்திக்கொண்டு விடை சொல்கிறவளும் அவள்தான்.

பாலிகஞ்ச் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். அப்பாவுக்கு வங்கி உத்தியோகம். திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி வந்தபோது பாதிச் சாமான்களை அங்கேயே விட்டுவிட்டு வந்தாலும் புதிர்களை மட்டும் ஒன்று விடாமல் கொண்டுவந்திருந்தார். கல்கத்தா வந்ததும் அவற்றுக்கும் இந்த ஊர் வாசம் ஒட்டிக்கொண்டது. ஆற்றைக் கடக்க வேண்டிய புலியும் ஆடும் புல்லுக்கட்டும் எங்கள் வீட்டில் ஹூக்ளியில்தான் படகேறின. ஒன்பது பந்துகளில் கனமான ஒன்றைத் தராசில் இரண்டே முறை நிறுத்துக் கண்டுபிடிக்கும் கணக்கு, ஒன்பது சந்தேஷ் மிட்டாய்க் கணக்காக மாறியது. எல்லாவற்றையும் தின்று பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன் நான். மும்மூன்றாகப் பிரித்து வை என்றாள் அம்மா. இரண்டும் சரியான விடை என்று சொல்லி அப்பா இருவருக்கும் சட்னி ஊற்றினார்.

நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் இந்த வழக்கம் நின்றது. கரியாஹாட் முனையில் மினிபஸ் சரியாக நிற்பதற்கு முன்னாலேயே அப்பா இறங்கிவிட்டார். தரை வழுக்கியது. வலது கால் எலும்பு முறிந்தது. மழைக்காலம் முழுக்க மாவுக்கட்டோடு கிடந்தார். கட்டைப் பிரித்த அன்று டாக்டர், எலும்பு நன்றாகக் கூடிவிட்டது, இனி தினமும் நடந்தால்தான் முட்டி மடங்கும், உட்கார்ந்தே இருந்தால் கால் இப்படியே விறைத்துப்போகும் என்று அம்மாவிடமும் அப்பாவிடமும் தனித்தனியாகச் சொன்னார். அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் கிடந்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர்தான்.

குளியலறைக்கு மட்டும் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு போய் வருவார். புதுக் கைத்தடி சுவரில் சாய்ந்தபடியே நின்றது. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். பிறகென்ன என்று கேட்டால் ஜன்னலைப் பார்ப்பார். அம்மா கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், பிறகு அடுப்படியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இட்லிக்கு உடனே சட்னி வந்தது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

என் கவலை வேறு. துர்கா பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பந்தல் பந்தலாகக் கூட்டிப்போவார். வரிசையில் நிற்கும்போது எனக்கு ஒரு முட்டை ரோல் வாங்கித் தருவார். அது அம்மாவுக்குத் தெரியக் கூடாது. இந்த வருஷம், “நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டார். அம்மாவோடு போனால் முட்டை ரோல் கிடையாது. அப்பா இல்லாமல் போனால் அது பூஜையே கிடையாது. நான் இரண்டையும் சேர்த்து வருத்தப்பட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் மாமா வந்து இறங்கினார். அம்மாவின் தம்பி. இதே ஊரில் சால்ட் லேக் பகுதியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிவிட்டதாகச் சொல்லி, லேப்டாப்பும் அழுக்குத் துணி மூட்டையுமாக வந்து சேர்ந்தார். எந்தக் காரியத்தையும் ஆரம்பிப்பாரே தவிர முடிக்க மாட்டார் என்று எங்கள் குடும்பத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. கிட்டார் கற்க ஆரம்பித்திருந்தார், வங்காளி எழுதப் படிக்க ஆரம்பித்திருந்தார், ஒரு மீசைகூட ஆரம்பித்திருந்தார்.

வந்த மறுநாள் கூடத்தின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஒரு படம் போட்டார். கூடத்தில் அவ்வளவு இடம் இருக்க, வாசல் கதவை ஒட்டிய மூலையில் போய்ப் போட்டார். மேலே மூன்று வீடுகள். கீழே ஒரு குழாயடி, ஒரு மிட்டாய்க் கடை, ஒரு பூஜைப் பந்தல்.

“இந்த மூணு வீட்டுக்காரங்களுக்கும் ஒருத்தருக்கொருத்தர் ஆகாது. மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்க. ஆனா மூணு பேருக்கும் தண்ணி வேணும், மிட்டாய் வேணும், சாமி வேணும். ஒவ்வொரு வீட்டுலேருந்தும் மூணு இடத்துக்கும் தனித்தனி வழி போடணும். ஒரு வழி இன்னொண்ணு மேல குறுக்க போகக் கூடாது. போடு பாப்போம்.”

மொத்தம் ஒன்பது வழிகள். இது ஒரு பெரிய கணக்கா என்று உட்கார்ந்தேன். எட்டு வழிகள் மளமளவென்று வந்துவிட்டன. ஒன்பதாவதையும் சுற்றிவளைத்து இழுத்துவிட்டு, “வந்துருச்சு!” என்று கத்தினேன். மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இந்த வீட்டில் புதிருக்கு நடுவர் அத்தான்தான், அவர் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் செல்லும் என்றார்.

அப்பா நாற்காலியில் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். அங்கிருந்து படம் தெரியாது. நான் அம்மாவின் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு ஓடினேன். போட்டோ செல்லாது, நிழல் விழுந்தால் எது எதன்மேல் போகிறதென்று தெரியாது, நடுவர் நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று மாமா கறாராகச் சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கூடத்தின் குறுக்கே மெதுவாக வந்து குனிந்து பார்த்து, “மூணாவது வீட்டுலேருந்து மிட்டாய்க் கடைக்குப் போற வழி, குழாயடி வழிய வெட்டுது பாரு” என்றார்.

வெட்டத்தான் செய்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். இந்த முறை மிட்டாய் எல்லோருக்கும் கிடைத்தது, நடு வீட்டுக்குச் சாமி கிடைக்கவில்லை. அதைச் சரிசெய்தால் வேறு வீட்டில் தண்ணீர் நின்றுபோனது. எப்படிப் போட்டாலும் யாரோ ஒருவர் எதுவோ ஒன்று இல்லாமல் நிற்பார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்கு அது வந்துவிட்டதாகவே தோன்றும். நான் கத்துவேன். அப்பா வருவார். இல்லை என்று காட்டிவிட்டுப் போவார்.

மறுநாள் கூடத்தைத் துடைத்துவிட்டாள் அம்மா. சாக்பீஸ் தூள் காலோடு வீடெல்லாம் வருகிறது என்று புகார். மாமா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் படத்தை வெளி வராந்தாவின் கோடியில் போட்டார். கூடத்துப் படத்துக்கு வருகிற தூரத்தைப்போல் அது இரண்டு மடங்கு. பாவம் அப்பா என்று நினைத்தேன். இந்த மாமாவுக்குக் கொஞ்சம்கூட விவரம் பத்தாது, காலொடிந்த மனிதரை வைத்துக்கொண்டு பக்கத்தில் போடத் தெரியவில்லையே என்று அம்மாவிடம் கோள்கூடச் சொன்னேன். அம்மா கீரை ஆய்வதிலேயே இருந்தாள். அப்பா கைத்தடியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார்.

அதற்கப்புறம் மாமா செய்ததுதான் பெரிய அநியாயம். வராந்தாவில் வெயில் கண்ணைக் கூசுகிறது என்று சொல்லிப் புதிரைக் கீழே, வீட்டுக்காரக் காகிமாவின் முற்றத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார். காகிமா என்றால் இங்கே சித்தி. எங்கள் வீட்டுச் சொந்தக்காரம்மாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பூஜைக்கு ஆல்பனா என்ற மாக்கோலம் போட அரிசியை அரைத்துக் கரைத்து வைத்திருந்த காகிமா, மாவில் விரலை முக்கிக்கொண்டு தானும் உட்கார்ந்தாள். அதைப் பார்த்த அம்மாவுக்குப் பொறுக்குமா? கோலப்பொடி டப்பாவோடு இறங்கி வந்தாள். ஒரே முற்றத்தில் மூன்று படங்கள். ஒன்று என் சாக்பீஸ், ஒன்று ஈர மாவு, ஒன்று கோலப்பொடி.

அம்மா புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் போல இழைகளை வளைத்து வளைத்து இழுத்தாள். காகிமாவின் வழி ஒவ்வொன்றிலும் இலையும் பூவும் முளைத்தன. நான் முதலில் முடித்தேன். “வந்துருச்சு!” என்று மாடியைப் பார்த்துக் கத்தினேன்.

மாடியில் சத்தமே இல்லை. மறுபடி கத்தினேன். படிக்கட்டின் உச்சியில் அப்பா வந்து நின்றார். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தார். கட்டுப் பிரித்த பிறகு அவர் படியில் கால் வைத்ததே இல்லை. முகம் வெளுத்திருந்தது. மினிபஸ்ஸின் படியும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்று எனக்குத் தோன்றியதெல்லாம், அவர் தாமதம் செய்தால் அம்மா முடித்துவிடுவாள் என்பதுதான்.

“சீக்கிரம் வாங்கப்பா! அம்மா முந்திருவா!”

அவர் ஒரு படி இறங்கினார். நின்றார். அடுத்த படியில் நல்ல காலை வைத்தார், பிறகு மற்றக் காலை. மாமா உதவிக்குப் போவார் என்று பார்த்தால், லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் எதையோ தீவிரமாகத் தேடிக்கொண்டிருந்தார். காகிமா தலையே தூக்கவில்லை. அம்மாவும் குனிந்தபடி இழை இழுத்துக்கொண்டிருந்தாள். ஆனால் கோடு கோணல்மாணலாகப் போயிற்று. அம்மாவின் கையில் கோடு கோணி நான் பார்த்ததே இல்லை. “நேரா போடும்மா, என்ன இப்படி நடுங்குது” என்று அவளைத் திட்டினேன். அவள் அப்போதும் நிமிரவில்லை.

அப்பா முற்றத்துக்கு வந்து சேர்ந்தபோது வேர்த்துக் கொட்டியது. உடனே தீர்ப்பு வழங்க ஆரம்பித்துவிட்டார். என்னுடையதில் பந்தல் வழி வெட்டுகிறது. அம்மாவுடையதில் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. கோலத்தில் இழை மேலும் கீழும் போவதுதான் அழகு, அதற்குப் பெயர் வெட்டுவது இல்லை என்று அம்மா சண்டைக்குப் போனாள். காகிமா ஒன்பது வழிகளையும் எதன்மேலும் படாமல் போட்டிருந்தாள். எப்படி என்று பார்த்தால், ஒரு வழி நடு வீட்டின் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியே வந்தது. அவர்களுக்குத்தான் ஆகாதே, எப்படி வீட்டுக்குள் விடுவார்கள் என்று அப்பா அரைகுறை வங்காளியில் கேட்டார். பூஜை நாளில் எவன் கதவை அடைப்பான், உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு நாடு கொடுத்துத்தான் அனுப்புவார்கள் என்றாள் காகிமா. நாடு என்பது தேங்காய் உருண்டை. சொன்னதோடு நிற்காமல் உள்ளே போய் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்தாள். அப்பா சிரித்தார். மழைக்காலம் முழுக்க நான் அந்தச் சிரிப்பைக் கேட்கவில்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, ஏன் என்று தெரியவில்லை. ஒரு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டேன்.

சப்தமி அன்று சாயங்காலம் தெருப் பிள்ளைகள் பந்தலுக்கு முன்னால் தார்ச்சாலையில் ஆல்பனா வரைந்துகொண்டிருந்தார்கள். மாமா அவர்களிடம் இடம் கேட்டு அங்கே போய்ப் புதிரைப் போட்டார். இந்த மனிதரைத் திருத்த முடியாது என்று நான் முடிவு செய்துவிட்டேன். தாக் மேளம் காதைப் பிளந்தது. அந்தச் சத்தத்துக்கு மேலே தொண்டை கிழியக் கத்தினேன். அப்பா படியிறங்கி, முற்றம் கடந்து, சந்தில் கைத்தடியை ஊன்றி ஊன்றி வந்தார். ஒன்பதாவது வழி வரவில்லை என்று காட்டினார். பிறகு நிமிர்ந்து விளக்குகளைப் பார்த்தார்.

“வந்ததுதான் வந்தாச்சு. ஏட்டி, சாமியப் பாத்துட்டுப் போவோமா?” என்றார்.

என் கையைப் பிடித்துக்கொண்டார். வழக்கத்தைவிட இறுக்கமாக. அந்தப் பந்தலைப் பார்த்தோம், அடுத்த தெருப் பந்தலையும் பார்த்தோம். எனக்கு முட்டை ரோல் கிடைத்தது. எல்லாம் நல்லபடி நடந்தும் புதிர் பாக்கி நிற்கிறதே என்று எனக்கு ஒரு குறை. மாமா வழக்கம்போல விடை சொல்லாமலே பூஜை முடிந்ததும் கிளம்பிவிட்டார். இதையும் அவர் முடிக்கவில்லை என்றேன். “ஆமா, அவன் அப்படித்தான்” என்று சொல்லிவிட்டு, அம்மா அவருக்குக் கட்டிக்கொடுத்த முறுக்கில் இன்னும் ஒரு பிடி அள்ளிப் போட்டாள்.

கல்லூரியில் ஒரு மத்தியான வகுப்பில் அந்த மூன்று வீடுகளைக் கரும்பலகையில் மறுபடி பார்த்தேன். ஒன்பதாவது வழி வரவே வராது, எப்பேர்ப்பட்டவர் போட்டாலும் வராது என்று பேராசிரியர் நாலு வரியில் நிரூபித்துவிட்டுப் பலகையைத் துடைத்தார். வகுப்பு முடிந்ததும் முதல் வேலையாக அப்பாவுக்குப் போன் செய்து மாமாவின் மோசடியைச் சொன்னேன்.

“தெரியுமே. நான் படிக்கும்போதே பாத்த கணக்குதான்.”

“மாமாவுக்கு?”

“தெரியாமலா போட்டான்? உங்கம்மாகூட மறுநாளே கண்டுபிடிச்சுட்டா. அப்புறந்தான் கூடத்தத் தொடச்சா.”

“வராதுன்னு தெரிஞ்சும் எதுக்குப்பா எந்திரிச்சு எந்திரிச்சு வந்தீங்க?”

அப்பா அப்போது நடைப்பயிற்சியில் இருந்தார். மூச்சு வாங்குவது கேட்டது.

“நீ வந்துருச்சுன்னு கத்துவியே. ஒவ்வொரு தடவையும் நெசமாத்தான் கத்துவே. அதக் கேட்டுக்கிட்டு எப்படிட்டி நாற்காலில உக்காந்திருக்க முடியும்?”

அந்த வீட்டில் அந்தப் புதிரை உண்மையாகப் போட்டுப் பார்த்தவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லோரும் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். வராத கணக்கை வந்துவிட்டதாக நம்பி, தூரத்தில் நின்று அப்பாவைக் கூப்பிட அவர்களுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கல்கத்தா முழுக்கத் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டாள். நான் கூப்பிட்டதுதான் அவரை நடக்கவைத்தது என்பது மட்டும் அப்போது எனக்குத் தெரியாது.