குருத்தோலை வைத்த புத்தகங்கள்

பள்ளியில் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள் நான். இறையியல் புத்தகங்களைப் பற்றி எழுத உனக்கென்ன தகுதி என்று கேட்டால் பதில் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று சொல்ல வாய் வராததால்தான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முல்லைத்தீவில், எங்கள் கடற்கரைக் கத்தோலிக்கக் கோயிலில், மறைக்கல்வி ஆசிரியர்களுக்குச் சனிக்கிழமைகளில் பங்குச் சுவாமி வகுப்பு எடுக்கிறார். அதில் வயது கூடிய மாணவி நான்தான். பழைய இறையியல் புத்தகம் எந்த வீட்டில் கிடந்தாலும் கேட்டு வாங்கி வருவோம். இடப்பெயர்வுகளுக்குத் தப்பியவை கொஞ்சம்தான். வாசித்து முடித்தவர் கோயில் பின்னறையில் கிடக்கும் வாங்குப் பலகையில் வைப்பார், அடுத்தவர் எடுப்பார். பிடித்த பக்கத்தில் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையில் ஒரு கீற்றை வைத்துக் கொடுப்பது எங்கள் வழக்கம்.

நான் அண்ணாவின் புத்தகத்தைக் கொடுத்தேன். அவர் குருமடத்தில் படித்தவர். கடைசி இடப்பெயர்வில் காணாமல் போனார். அவருடையதென்று மிஞ்சியது அது ஒன்றுதான். ஓரங்களில் பென்சிலால் கேள்விகள் எழுதியிருந்தார். அலுமாரிக்குள் பூட்டிவைக்க மனம் வரவில்லை. யாராவது வாசித்தால் அவரோடு கதைப்பது போல இருக்கும் என்று நினைத்தேன்.

"அன்ரி, உங்கட அண்ணா புத்தகத்தோட சண்டையெல்லோ பிடிச்சிருக்கிறார்," என்றாள் அதை வாசிக்க வாங்கிய வகுப்புப் பிள்ளை. "சுவாமியிட்டக் கேக்க நான் பயப்பிடுற கேள்வியெல்லாம் இதில கிடக்கு."

"கவனமா வைச்சிரு, பிள்ளை."

"ஓம், ஓம். தாறதுக்கே ஒரு தவக்காலம் முழுக்க யோசிச்சனீங்களெல்லோ!"

இந்த வருடம் திருநீற்றுப் புதனுக்கு முதல்நாள், புத்தகத்தை வாங்கில் வைத்துவிட்டதாக அவள் சொன்னாள். பின்னேரமே போனேன். மறுநாள் நெற்றியில் பூசும் சாம்பலுக்காக எரிக்கச் சனங்கள் கொண்டுவந்த போன வருட ஓலைகளையும் அந்த வாங்கில்தான் குவிப்பார்கள். வாங்கு வெறுமையாகக் கிடந்தது. கோயில் கூட்டும் அக்கா பின்பக்கம் சாம்பல் அரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, வாங்கில இருந்த புத்தகங்கள் எங்க?"

"அதுகளோ? எரிச்சாச்சு. எல்லாம் பூச்சி அரிச்சதுகள், ஒவ்வொண்டிலயும் ஓலை செருகிக் கிடந்தது. மந்திரிச்ச சாமானைக் குப்பையில போடலாமோ? ஓலையோட எரிக்கத்தான் வைச்சிருக்குதுகள் எண்டு நினைச்சன்." அரிதட்டு நின்றது. "ஏன் பிள்ளை, தேவையானதுகளே?"

"இல்லை, அக்கா."

அவர் செய்தது எங்கள் வழக்கப்படி சரிதான். யாரைக் கோபிப்பது என்று தெரியவில்லை. தணிந்திருந்த சாம்பலைப் பார்த்தேன். எது ஓலை, எது தாள் என்று பிரிக்க முடியவில்லை.

மறுநாள் காலைப் பூசையில் சுவாமி எல்லோருடைய நெற்றியிலும் அந்தச் சாம்பலைப் பூசினார். நானும் வரிசையில் நின்றேன். எனக்கும் பூசினார்.