மாலை வாங்காத வாடிக்கையாளர்கள்

என் கடையில் ஆகப் பெரிய தொகைக்கு வாங்கியவர்களில் ஒருவர்கூட ஒரு முழம் பூவைக் கையால் தொட்டதில்லை. நாலு மாதம் இது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நானும் அவசரப்படவில்லை.

மலேசியாவில், புலாவ் செபாங் ஊரில் ரயில் ஸ்டேஷனுக்குப் போகிற சாலையில், மளிகைக் கடை முன்னால் கூரை போட்ட நடைபாதையான அஞ்சடியில் என் பூக்கடை. ஒரு மேசை, ஒரு ஐஸ் பெட்டி, கம்பியில் தொங்கும் சில மாலைகள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை போனேன். படித்தேன் என்று சொன்னால் எங்கள் வாத்தியார் என்மீது கேஸ் போடுவார். இருக்கிற கேஸே போதும்.

ஸ்டேஷன் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் ஒருவர் பழக்கமானார். வெள்ளைச் சட்டை, இரண்டு கைப்பேசி, அழுக்கே படாத நகம். அப்படி நகமுள்ள ஒருவர் என்னை மதித்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"பாஸ், இந்தக் காலத்துல அஞ்சடியில உக்காந்து வித்தா போதுமாலா? ஆன்லைன்ல விக்கணும். கம்பெனி உங்க பேர்ல. கார்டுல காசு வர்ற ஏற்பாடு நான் பாத்துக்கறேன். மாசா மாசம் உங்க கையில ஒரு தொகை."

"பூ யாரு கட்டறது?"

"அதெல்லாம் கோலாலம்பூர்ல, கேஎல்ல ஆளு இருக்கு. நீங்க டைரக்டர். சும்மா இருந்தா போதும்."

சும்மா இருப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. ஒத்துக்கொண்டேன்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை. "டைரக்டரா? அடுப்புக்கு கேஸ் தோங் மாத்தச் சொல்லி மூணு நாளாச்சு. டைரக்டர் வந்து மாத்துவாரா, இல்ல அதுக்கும் கேஎல்ல ஆளு இருக்கா?"

வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்குக் கம்பெனித் தாளிலும் பேங்க் தாளிலும் கையெழுத்து என்றார் வெள்ளைச் சட்டை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். முடியாது என்றுவிட்டேன். அவரைக் காரிலேயே உட்கார வைத்து, பன்னிரண்டு தாண்டியதும் ஆபீசுக்குள் போய், நாற்காலியைக் கிழக்கே திருப்பிப் போட்டுக் கையெழுத்திட்டேன். அந்தக் கையெழுத்தை ஒரு வாரம் பழகியிருந்தேன். கடைசி எழுத்திலிருந்து ஒரு வால் கிளம்பி, கீழே சுற்றி வந்து, முதல் எழுத்தின் தலையில் போய் உட்காரும். அடியில் இரண்டு புள்ளி.

ராகு காலத்தைப் பார்த்தவன் தாளைப் பார்க்கவில்லை. தமிழ் என்றால் எழுத்துக் கூட்டியிருப்பேன், அது இங்கிலீஷ். வாசித்துக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கலாம். வெட்கமாக இருந்தது. டைரக்டர் கேட்கிற கேள்வியா அது? பேங்க் கார்டையும், கம்பெனிக்கென்று வாங்கிய போன் நம்பரையும் அவரே வைத்துக்கொண்டார். எனக்கு ஞாபக மறதியாம்.

நாலாவது மாதம், ஒரு மத்தியானம், கடை முன்னால் ஒரு கார் நின்றது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி இறங்கினாள். கையில் மடித்த தாள்.

நான் வழக்கமாகக் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு: நல்லதுக்கா, துக்கத்துக்கா? அதைக் கேட்டுவிட்டுத்தான் மாலையைக் கம்பியிலிருந்து எடுப்பேன். அன்றைக்கு அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணே, அவ யாரு?"

"எவம்மா?"

"நான் உம்பாய்லேருந்து வர்றேன். என் வீட்டுக்காரரு போன மாசம் மட்டும் பதினோரு தடவ உங்க கடையில பூ வாங்கிருக்காரு. கார்டு பில்லுல கடை பேரு, ஊரு எல்லாம் இருக்கு. ஒம்பது வருசத்துல எனக்கு ஒரு முழம் வாங்கித் தந்ததில்ல. பதினோரு தடவ யாருக்கு வாங்குறாரு?"

தாளைக் காட்டினாள். என் போர்டில் இருக்கிற அதே எழுத்துகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் இருந்த தொகைக்கு என் கடையை மேசையோடு வாங்கலாம்.

"ஒரு நிமிசம்மா" என்று சொல்லிவிட்டு ஐஸ் பெட்டிக்குப் பின்னால் போய் வெள்ளைச் சட்டைக்குப் போன் போட்டேன்.

"அது பூ இல்ல பாஸ், கேம். ஆன்லைன் சூது. சூதுன்னா பேங்க் விடாது, அதான் பூன்னு போடறோம். கோயிலுக்கு மாலைன்னு சொல்லி அனுப்பிடுங்க."

"எனக்கு இது வேணாம்லா. நான் விலகிக்கறேன்."

"விலகுங்க. தாள்ல எங்கயாவது என் பேரு இருக்கா? பேங்க்ல பூ வியாபாரம்னு பொய் சொன்னது உங்க கையெழுத்து. சூதுக் காசு வந்து போனது உங்க அக்கவுண்டு. போலீசு வந்தா உள்ள போறது நீங்க. வாய மூடிக்கிட்டா யாரும் போக வேண்டியதில்ல."

அதுவரை அவர். இனி அவன்.

திரும்பி வந்தேன். "கோயிலுக்கும்மா. அம்மனுக்கு மாலை சாத்துறாரு. நல்ல மனுசன்."

அவள் தாளை மேசைமேல் வைத்தாள்.

"என் மாமியார் போயி நாலு மாசம் ஆவுது. தலைத் திவசம் முடியாம நாங்க கோயில் வாசப்படி ஏற மாட்டோம். தீபாவளிக்கு வீட்டுல எண்ணெய்ச்சட்டி வைக்கல. அவரு உங்க அம்மனுக்கு மாலை சாத்துறாரா?"

நல்லதுக்கா, துக்கத்துக்கா: இருபது வருடமாக எல்லாரிடமும் கேட்ட கேள்வி. கேட்க வேண்டிய அன்றைக்குக் கேட்கவில்லை.

அவள் தாளை மடித்தாள். குரல் இறங்கிவிட்டது. "சரிண்ணே. நீங்களும் மறைக்கிறீங்க. இன்னிக்கே பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு செர்காம்ல அம்மா வீட்டுக்குப் போயிடறேன்."

வாயைத் திறந்தால் எனக்கு ஜெயில். மூடினால், இல்லாத ஒரு பெண்ணுக்காக இவள் குடும்பம் இரண்டாகப் போகும். அவள் கார் கதவில் கை வைத்துவிட்டாள். இந்த நேரத்தில் வீரன் என்ன செய்வான் என்று தெரியாது. நான் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டே சொன்னேன்.

"பொம்பள இல்ல தங்கச்சி. சூது."

எல்லாவற்றையும் சொன்னேன். ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து கேட்டாள்.

"பொம்பளையா இருந்தா முடியப் புடிச்சி இழுத்திருப்பேன்" என்றாள். "இத எதப் புடிச்சி இழுக்கறது?" பிறகு எழுந்தாள். "இத பாலாய்ல சொல்லுங்க."

"போலீசுல சொன்னா என்னையப் புடிச்சி உள்ள வச்சிருவாங்கம்மா."

"நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவேன். அப்ப அவங்க வண்டியில போவீங்க. இப்பன்னா என் வண்டியில போலாம். ஏர்கோன் இருக்கு."

முன் சீட்டில் அவள் வேலைச் சாமான். பின்னால் பிஸ்கட் தூளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். அலோர் காஜாவில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, இறங்கி ஓடிவிடலாமா என்று கதவுக் கைப்பிடியை மெதுவாக இழுத்தேன். திறக்கவில்லை. பிள்ளைகள் விழாமல் இருக்கப் போடுகிற பூட்டு. கண்ணாடியில் பார்த்தவள், "அது உள்ளேருந்து தொறக்காதுண்ணே" என்றாள்.

போலீஸ் ஸ்டேஷனில் ஒரு தமிழ் சார்ஜன். பொறுமையாக எழுதிக்கொண்டார். நான் எதுவும் தெரியாதவன் என்று பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன்.

"அங்கிள், நாலு மாசம் காசு வாங்குனீங்க. பூ எங்க போவுதுன்னு ஒரு தடவ கேட்டீங்களா?"

"கேக்கல."

"ஏன்?"

"கேட்டா காசு நின்னுடும்னு."

அவர் பேனாவை நிறுத்தினார். பிறகு அதையும் எழுதினார்.

அந்தப் பெண் செர்காமுக்குப் போகவில்லை. கணவனின் கார்டை அவன் கண் முன்னாலேயே பூச்செடிக் கத்தரியால் வெட்டிவிட்டதாகப் போனில் சொன்னாள். வெள்ளைச் சட்டையின் இரண்டு நம்பரும் அடித்து அடித்து நிற்கின்றன. கம்பெனி அக்கவுண்டோடு என் சொந்த அக்கவுண்டையும் போலீசார் முடக்கிவிட்டார்கள். என்னைப் பிடித்து ஜாமீனில் விட்டார்கள்; என் பாஸ்போர்ட் அவர்களிடம். என்மீது வழக்குப் போடுவார்களா, என்னைச் சாட்சியாக வைப்பார்களா என்று கேட்டால், வக்கீல் மேலே ஓடும் காற்றாடியைப் பார்க்கிறார்.

ஜாமீனில் இருப்பதால் மாதம் ஒரு தடவை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி என்று அவர்களே குறித்துவிட்டார்கள். ராகு காலம் என்று சொல்லிப் பார்த்தேன். சார்ஜன் சிரிக்கக்கூட இல்லை.

அவர்கள் பதிவேட்டில் கட்டம் சின்னது. என் வால் பக்கத்துக் கட்டத்துக்குள் போய் அடுத்தவன் பெயரைச் சுற்றுகிறது.

"வால வெட்டிப் போடுங்க அங்கிள்" என்றார் சார்ஜன், போன மாதம்.

"வெட்டலாமா?"

கோப்பைத் திறந்து பார்த்தார். "வேணாம். கேசுக்கு, பேங்க் தாள்ல உள்ளது மாதிரியே இருக்கணும்."

நாற்காலியைத் திருப்பாமல், வாலை முழுசாகச் சுற்றி, இரண்டு புள்ளியும் வைத்துவிட்டு வந்தேன்.