போவாஜோ என்று கத்தியவன்

மாட்டைக் கொல்கிறவனுக்கு மாடு மேய்ப்பவன் என்று பட்டப்பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? அவனுக்கு அப்படித்தான் வைத்திருந்தார்கள். போவிஸ்தோ. எஸ்பெராண்டோ மொழியில் அதற்கு அதுதான் அர்த்தம்.

அவன் வேலை பார்த்த இறைச்சிக்கூடத்தில் நாலைந்து நாட்டு ஆட்கள் இருந்தார்கள். ஒருவன் பேசுவது மற்றவனுக்குப் புரியாது. முன்பிருந்த மேஸ்திரி ஒருவர், யாருக்கும் சொந்தமில்லாத மொழி எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று எஸ்பெராண்டோ கற்றுக்கொடுக்கப் பார்த்தார். கத்தி கழுவவே நேரமில்லாத கூட்டத்திடம் மொழி எங்கே ஒட்டும்? மாடு மட்டும் ஒட்டிக்கொண்டது. போவோ என்றால் மாடு. அதன் வாலைக் கொஞ்சம் மாற்றினால் குடும்பமே வந்து நிற்கும். போவீனோ பசு, போவீதோ கன்று, போவேயோ கொட்டில், போவாரோ மந்தை. போவாச்சோ என்றால் கேடுகெட்ட மாடு; ஆனால் அந்தச் சொல்லை மனிதர்கள் மேல்தான் அதிகம் வீசினார்கள். மாட்டின் இறைச்சிக்குப் பெயர் போவாஜோ.

மேஸ்திரி போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் விட்டுப்போன சொற்களில் இரண்டை நம்பித்தான் அந்தக் கூடத்தில் ஆட்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள். குறுகலான இரும்புக் கூண்டுக்குள் மாடு வந்து நிற்கும். போவிஸ்தோ ஆணித் துப்பாக்கியை அதன் நெற்றியில் வைத்து அழுத்துவான். கூண்டின் பக்கக் கதவு திறக்க, மாடு ஈரத் தரையில் பொத்தென்று உருளும். அவன் குனிந்து அதன் கண்ணை விரலால் தொடுவான். இமை அசைந்தால், "போவோ!" இன்னும் உயிர் இருக்கிறது, யாரும் கிட்டே வராதே. அசையாவிட்டால், "போவாஜோ!" இனி வெறும் இறைச்சி. அதைக் கேட்ட பிறகுதான் சங்கிலிக்காரன் பின்னங்காலில் சங்கிலி மாட்டுவான். அவன் நிற்கும் இடத்திலிருந்து மாட்டின் கண் தெரியாது. போவிஸ்தோவின் வாய்தான் அவனுக்குக் கண்.

அந்தச் சங்கிலிக்காரன் வேறு யாருமில்லை, அவன் தங்கையின் புருஷன். வேலை வாங்கிக் கொடுத்தவனும் போவிஸ்தோதான். செய்த புண்ணியத்துக்குப் பலன், தங்கையின் இடது கன்னம் மாறி மாறி நீலமும் மஞ்சளுமாகக் கிடந்தது. வலது கைக்காரன் அடித்தால் இடது கன்னத்தில்தானே விழும். ஒரு தடவை பல் போயிற்று. இன்னொரு தடவை காது கேட்காமல் போயிற்று. அப்போதெல்லாம் அவள், "நான்தான் வழுக்கி விழுந்தேன்ணா" என்றாள்.

அந்த வாரம்தான் முதல்முறையாக உண்மையைச் சொன்னாள். "என்னால முடியலண்ணா. ஞாயித்துக்கிழமை வா. பையை எடுத்து வச்சிருக்கேன், உன்கூட வந்துடுறேன்."

ஞாயிறு வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் போதும். அவ்வளவுதான் அவனிடம் கேட்கப்பட்டது.

சனிக்கிழமை காலை, உடை மாற்றும் அறையில் மாப்பிள்ளை ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தான். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. போவிஸ்தோ அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். ஆணியில் தொங்கிய ஏப்ரன்கள் சரிந்து விழுந்தன.

"இன்னொரு தடவ அவ மேல கை வச்சே..."

"என்ன மச்சான் செய்வே?" மூச்சுத் திணறியபடியே அவன் இளித்தான். "என் பொண்டாட்டிய நான் அடிப்பேன். நீ போய் உன் மாட்ட அடி."

நாலு பேர் சேர்ந்து பிரித்துவிட்டார்கள். மணி அடித்தது. வேலைக்குப் போனார்கள்.

முதலில் வந்தது ஒரு முரட்டுக் காளை. ஆணி பாய்ந்த நேரத்தில் தலையை ஆட்டிவிட்டது. தரையில் உருண்டது. போவிஸ்தோ கண்ணைத் தொட்டான். இமை படபடத்தது. நாக்கு நுனிவரை வந்திருந்தது அந்தச் சொல், போவோ. அந்தப் பக்கம் மாப்பிள்ளை சங்கிலியோடு அவன் வாயையே பார்த்தபடி நின்றான். உரிந்த முட்டிகள் தெரிந்தன.

"போவாஜோ!" என்று கத்தினான்.

மாப்பிள்ளை குனிந்தான். காளை உதைத்தது. சங்கிலியோடு சேர்ந்து அவன் வலது கை கூண்டின் இரும்பில் நசுங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் கடைசி மேசை வரை கேட்டது. அரை உயிராய்க் கிடந்த காளை எழப் பார்த்து, வழுக்கி, அவன் மேலேயே சாய்ந்தது. போவிஸ்தோ பாய்ந்து இரண்டாவது ஆணியை இறக்கினான். தரை முழுக்க ரத்தம். எது மாட்டினது, எது மனிதனது என்று தண்ணீர் பீய்ச்சியவனுக்கே தெரியவில்லை.

செத்த மாடும் கால் உதறும், விபத்துதான் என்று நிர்வாகம் முடித்துவிட்டது. கூடத்துக்குத் தெரியாதா? திங்கட்கிழமை புதுச் சங்கிலிக்காரன் வந்தான், வேறு நாட்டுக்காரன், கூடத்துக்குப் பழைய ஆள். போவிஸ்தோ கண்ணைத் தொட்டுப் பார்த்து, நிஜமாகவே, "போவாஜோ!" என்றான். சங்கிலிக்காரன் நகரவில்லை. "போவோ?" என்று கேட்டான். பிறகு சுற்றி வந்து, தானே குனிந்து, தன் விரலால் கண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சங்கிலியை எடுத்தான். அதற்குப் பிறகு எல்லோரும் அப்படித்தான். போவிஸ்தோவின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. வெட்கத்தில் அவனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

போகட்டும், தங்கை தப்பித்தாளே என்று மனதைத் தேற்றிக்கொண்டான். மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துவரப் போனான். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள். எடுத்து வைத்திருந்த பை பின்னால் காலியாகக் கிடந்தது. துணிகள் கொடியில் காய்ந்தன.

"கிளம்பும்மா. இனிமே அவனால உன்னைத் தடுக்க முடியாது."

"கை போன மனுஷன விட்டுட்டு எப்படிண்ணா வருவேன்? சோறு ஊட்டக்கூட ஆள் இல்ல. ஊரு என்னைக் காறித் துப்பாதா?"

"என்னம்மா பேசுற?"

அவள் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். இடது கன்னம் தெளிவாக இருந்தது. வலது கன்னம் வீங்கி, கண்ணை மூடியிருந்தது.

"இடது கைக்கு இன்னும் சரியா பழக்கம் வரலண்ணா" என்றாள். "எங்க விழும்னே தெரிய மாட்டேங்குது."