கைப்பிடியின் கீழே ஒரு பெருவிரல்

அந்தச் சாடியின் கைப்பிடி வந்து முடியும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். சுட்ட மண் சொரசொரவென்று நெருடும், பெருவிரலை வைத்தால் அளவெடுத்ததுபோல் போய் உட்காரும். கிரேக்க நாட்டு மட்பாண்டக் கிராமம் ஒன்றிலிருந்து லண்டனில் எங்கள் ஈஸ்ட் ஹாம் வீட்டுக்கு வந்த அதை அப்பா சாடி என்று சொன்னதேயில்லை. அவருக்கு அது, ஊரில் தண்ணீர் ஊற்றி வைப்பதைப்போல், "கூசா".

எனக்குப் பத்து வயதான கோடை விடுமுறையில், அப்பாவுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்த கையோடு, அந்த ஊருக்குப் போனோம். சுற்றுலாவுக்கு அல்ல. யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட காலத்தில் அப்பாவும் சித்தப்பாவும் அங்கே ஒரு சூளையில் மண் குழைத்திருக்கிறார்கள். லண்டனுக்குப் போகும் லொறியில் ஓர் ஆளுக்குத்தான் இடம் என்று ஏஜென்சிக்காரன் சொன்னபோது அப்பா ஏறிவிட்டார். "இங்கையே நில்லடா, ஒரு இடமும் போகாதை, நான் வந்து கூட்டிக்கொண்டு போறன்" என்று சொல்லிவிட்டு வந்தவருக்கு, ஏழு வருஷம் கழித்துத்தான் திரும்பிப் போக முடிந்தது.

வெள்ளையடித்த சந்துகள், வாசல்தோறும் கவிழ்த்து வைத்த பானைகள். யார் வனைந்தது என்று தெரிவதற்காக, கைப்பிடியை ஒட்டும்போது அடியில் பெருவிரலை அழுத்தி விடுவது அந்த ஊர் வழக்கம். அப்பா ஒரு கடை விடாமல் ஒவ்வொரு சாடியாகத் தூக்கி விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். "உடைச்சுக்கிடைச்சுப் போடாதேங்கோ" என்று அம்மா வெட்கத்தோடு பின்னால் போனார்.

சூளைக்காரக் கிழவர் அப்பாவைக் கண்டதும் கட்டிப்பிடித்து அழுதார். அப்பாவிடம் மிஞ்சியிருந்த கிரேக்கம் தண்ணீர், மண், ரொட்டி என்ற மூன்று சொல்தான். கிழவரின் மகள் ஆங்கிலத்தில் சொன்னாள். கவுன்சில் கடிதம், டொக்டர், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் ஒரே மகளான நான்தான் வீட்டுக்கு வாய் என்பதால், அன்றைக்கும் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சித்தப்பா ஆறு வருஷம் காத்திருந்தாராம், போன மாரியில் இத்தாலிக்குப் படகு ஏறினாராம், அந்தப் படகில் போன ஒருவரும் கரை சேரவில்லையாம்.

"என்னவாம், பிள்ளை?" என்றார் அப்பா.

ஐயோ, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது! "சித்தப்பா இத்தாலிக்குப் போட்டாராம்" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

"பாத்தியே, என்னைத் தேடித்தான் வெளிக்கிட்டிருக்கிறான்" என்று அப்பா சிரித்தார். சித்தப்பா வனைந்த கூசாவைக் கிழவர் கொடுக்க, தம்பி தேடி வந்தால் கொடுக்கும்படி அப்பா எங்கள் விலாசத்தை எழுதி அவர் கையில் கொடுத்தார்.

அந்த விலாசம் எங்களைக் கட்டிப்போட்டது. சொந்தக்காரர் எல்லோரும் ஹரோவுக்குப் போனார்கள், அம்மா கண்ணை மூடினார், கல்யாணமாகி நானும் போனேன், அப்பா அசையவில்லை. "அவன் வந்து தட்டினா ஆர் கதவு திறக்கிறது?" என்பார். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே இருபத்தைந்து வருஷத்தைக் கடத்தினேன். பத்து வயதில் சொன்னதற்கு ஒரு மன்னிப்பு இருக்கலாம், முப்பத்தைந்து வயதிலும் வாய் திறக்காத கோழைக்கு என்ன இருக்கிறது?

போன மாதம் அப்பா போய்விட்டார். ஆஸ்பத்திரியில் கடைசியாக, "சித்தப்பா வந்தா, வீட்டிலை இருக்கிற ஆக்களிட்டை உன்ரை விலாசத்தைக் குடுக்கச் சொல்லு, என்ன?" என்று கேட்டார். "ஓம் அப்பா" என்றேன்.

நேற்று வீட்டைக் காலி செய்தேன். ஜன்னலோரத்துக் கதிரை இல்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்த ஆளும் இல்லை. கூசாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புதிதாகக் குடிவரும் பெண்ணிடம் வீட்டுத் திறப்பையும் என் விலாசம் எழுதிய துண்டையும் கொடுத்தேன். யார் வந்தால் கொடுக்க வேண்டும் என்று கேட்டாள்.

"என் சித்தப்பா" என்றேன்.