சாம்பிள் தட்டில் ஒரு மெழுகுக் கட்டி

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகத்தில் கல் என்று ராயபுரம் பஜாரே நம்பிக்கொண்டிருந்தது. நம்ப வைத்தவர் அவரேதான். உண்மையில் அவருக்கு வந்திருந்தது புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். அந்தச் சுரப்பி உடம்பில் எங்கே இருக்கிறது என்று எவனாவது கேட்டுத் தொலைத்தால் என்ன செய்வது என்ற வெட்கத்தில், புற்றுநோயைக் கல்லாக மாற்றிவிட்டார். உடனே எதிர்க்கடைக்காரர், பால்காரர், சர்ச்சில் பக்கத்து வரிசையில் உட்காருகிறவர் என்று ஆளாளுக்கு வாழைத்தண்டு கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். நான் நறுக்கி, நார் எடுத்து, அரைத்துக் கொடுத்தேன். சொன்ன பொய்க்கு மரியாதையாக மனிதர் தினமும் காலையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். நிஜமாகவே கல் இருந்திருந்தால் பாவம், அது என்றைக்கோ கரைந்திருக்கும்.

எங்களுக்கு அரிசி, பருப்பு மொத்த வியாபாரம். கீழே கடை, மேலே வீடு. அவர் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர். இத்தனை வருஷம் இங்கே குப்பை கொட்டியும் அவர் பேச்சு இன்னும் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை; என்னை இன்றைக்கும் ‘ஏளா’ என்றுதான் கூப்பிடுவார். நான் ராயபுரத்திலேயே பிறந்தவள். கடையில் நாலு பேருக்கு முன்னால் ஒழுங்காகத்தான் பேசுவேன். கோபம் வந்தால் மட்டும் எனக்கு ராயபுரம் வந்துவிடும்.

பஜாரில் அவருக்குப் பெரிய பெயர் வாங்கிக் கொடுத்தது அவருடைய குத்தூசிதான். மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருப்பதைக் கொஞ்சம் வெளியே இழுத்துக் காட்டும், நடுவில் குழிந்த இரும்பு ஊசி. லாரி வந்து நின்றதும் இவர் அதை வாள் மாதிரி தூக்கிக்கொண்டு இறங்குவார். மூட்டைக்கு நாலு இடத்தில் குத்துவார். உள்ளங்கையில் விழுந்ததில் ஒரே ஒரு வண்டு நெளிந்தால் போதும், மூட்டை வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அழுதாலும் கிடையாது, விலையைக் குறைத்தாலும் கிடையாது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார்கூட இவ்வளவு கறார் பண்ண மாட்டார்கள்.

அப்படிப்பட்டவரைத்தான் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, ஊசியால் பல இடங்களில் குத்திச் சதை எடுத்தார்கள். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்கிற புரதம் ஏறியிருக்கிறது என்று ஆரம்பித்த கதை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. வெளியே வந்தவர் என் காதோடு சொன்னார்: “எனக்கே குத்தூசி போட்டுட்டாவளா.” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி வரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

குத்திய இடங்களில் ஒன்றிரண்டில் புற்றுநோய் இருந்தது. டாக்டர் பொறுமையாக விளக்கினார். இந்த நோயில் சிலருக்கு அது இருந்த இடத்திலேயே வருஷக்கணக்காகத் தூங்கும். சிலருக்கு எழுந்து ஓடிவிடும். அவருடையது எந்த ஜாதி என்று பார்த்தமாத்திரத்தில் சொல்ல முடியவில்லை. எடுத்த சதையில் ஒரு புரதம் இருக்கிறதா என்று சாயம் போட்டுப் பார்த்தால் ஓரளவு தெரியும். அந்தப் புரதம் ஒரு காவல்காரன் மாதிரி, வளர்ச்சியைக் கட்டுக்குள் பிடித்து வைப்பது. அது இருந்தால் இப்போதைக்குக் கத்தி வேண்டாம், கண்காணித்தால் போதும். அது காணாமல் போயிருந்தால் காத்திருப்பது ஆபத்து. அந்தச் சோதனை நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கும் வேறொரு லேபில்தான் செய்கிறார்கள். சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியை நாமே வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும்.

தீப்பெட்டியில் பாதிகூட இல்லை அந்தக் கட்டி. முதுகில் ஒரு எண் எழுதிய பிளாஸ்டிக் சட்டம், அதற்குள் வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் நூல் துண்டுகள் மாதிரி என் புருஷன்.

“நீ கடையப் பாரு. நானே போய்க் குடுத்துட்டு வாரேன்,” என்று கிளம்பினார். சாயங்காலம் வந்தார். “குடுத்தாச்சு.”

வாரங்கள் போயின. கேட்டால், “லேப்ல மெஷின் ரிப்பேராம்” என்பார். அடுத்த வாரம், “சாயம் வெளிநாட்டுல இருந்து வரணுமாம்.” இவர் பொய் சொல்லும்போது காது மடலைத் தேய்ப்பார், அது எனக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும். அந்த வாரங்களில் காது சிவந்தேதான் இருந்தது. லாரி இறக்கும்போது பட்ட வெயில் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் அவர் மேலே தூங்கிக்கொண்டிருந்தார். நான் கல்லாவில் இருந்தேன். திருவொற்றியூரில் ஓட்டல் வைத்திருக்கும் ஒருவர் துவரம்பருப்பு கேட்டு வந்தார். கடையில் மூட்டை தூக்குகிறவர், எங்களோடு ரொம்ப நாளாக இருக்கிறவர், பருப்பு, பெருங்காயம் என்று சாம்பிள் பொட்டலங்கள் அடுக்கிய தட்டை அப்படியே எடுத்துவந்து மேஜையில் வைத்தார். ஓட்டல்காரர் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்துக்கொண்டே வந்தவர், ஒன்றைப் பிரித்ததும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

“இன்னாம்மா இது, கற்பூரமா? அந்த வாசனையே காணோமே.”

மூட்டை தூக்குகிறவர் எட்டிப் பார்த்தார். “மெழுகு மாதிரி கீது. யக்கா, அண்ணாச்சி புதுசா இன்னாவோ சரக்கு எறக்கிகீறாரு, நம்மாண்ட சொல்லவே இல்ல பாரேன்.”

நான் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். விலை கேட்பதற்குள் பிடுங்கியது பெரிய புண்ணியம். உள்ளே இருந்தது யார் என்று தெரிந்தால் அந்த ஓட்டல்காரர் அப்புறம் எங்கள் கடைப் பக்கம் வந்திருப்பாரா?

மாடிக்குப் போய் அவரை உலுக்கி எழுப்பி, கட்டியைக் கண்ணுக்கு நேராக நீட்டினேன். ‘நீங்க’ எல்லாம் பறந்துபோய்விட்டது.

“ஊரான் மூட்டையெல்லாம் குத்திக் குத்திப் பாக்கத் தெரியுதுல்ல? உன் மூட்டைன்னா மட்டும் இன்னாத்துக்கு இப்டி நடுங்கற? அத்த எடுத்துகினு போய் பருப்போட வச்சிகினு கீற. இன்னிக்கு அந்தாளு அத்த மோந்து பாக்கறான்யா.”

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, வேட்டி நுனியை மடித்து மடித்துப் பிரித்தார்.

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன்ளா. ஏற முடியல.”

“ஏன்?”

“சாம்பிள் கெட்டுப் போச்சுன்னா நான் என்ன செய்வேன்னு உனக்குத் தெரியும்லா. மறுபேச்சு பேச மாட்டேன், திருப்பி அனுப்பிருவேன்.” என் கையிலிருந்த கட்டியை வாங்கிப் பார்த்தார். “என்னை எங்கேளா திருப்பி அனுப்புவாவ?”

என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் செத்துப்போவார் என்று அந்த நிமிஷம்தான் எனக்கு முதல்முதலாகப் பயம் வந்தது. அதுவரைக்கும் நான் வாழைத்தண்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கிறேன். அழுதால் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்துவிடுவோம் என்று தோன்றியதால் அழவில்லை.

“உன்னைத் திருப்பி அனுப்ப உங்கம்மாவும் இப்போ இல்ல. எந்த லாரிக்காரனும் ஏத்த மாட்டான். எழுந்து சட்டையப் போடு,” என்றேன்.

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினோம். கட்டியை மடியில் வைத்து, கோழிக்குஞ்சைப் பொத்துகிற மாதிரி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு வந்தார். “உருகிருமோ?” என்றார், அந்தக் குளிர்ந்த வண்டிக்குள். இத்தனை நாள் நம் கடைப் புழுக்கத்தில் உருகாதது இப்போதா உருகும் என்றேன். லேபில் கட்டியை வாங்கிய பெண் உறையைப் பிரித்ததும் புருவத்தைச் சுருக்கினாள். “சார், இதுல ஏன் பெருங்காய வாசனை வருது?” இவர் சீலிங் ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ரிப்போர்ட் வந்தது, காவல்காரன் இருந்தான். டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டி, “இருக்க வேண்டியது இருக்கு, நல்ல விஷயம்தான்,” என்றார். “ஆனா இது ஜாதகம் இல்ல. தூங்குதுன்னுதான் நினைக்கிறோம். முழிச்சா உடனே தெரியணும். ரத்தப் பரிசோதனைக்குத் தவறாம வரணும். தேவைப்பட்டா மறுபடியும் சதை எடுப்போம்.” அவர் தலையைத் தலையை ஆட்டினார். எனக்குத்தான் ஆறவில்லை. கெட்டது உள்ளே இருக்கிறதென்று தெரிந்தும் அதை வைத்துக்கொண்டு சாப்பிட்டுத் தூங்குவது என்ன வைத்தியம்? வீடு வந்து சேரும்வரை புலம்பினேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் உளுந்து லாரி வந்தது. வழக்கம்போல குத்தூசியோடு இறங்கினார். மூன்றாவதோ நாலாவதோ மூட்டையில் குத்தி, உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றுவிட்டார். வண்டு. மூட்டை தூக்குகிறவர் வழக்கம் தெரிந்தவர், அதை லாரியிலேயே திரும்ப ஏற்றக் குனிந்துவிட்டார்.

“இறக்கு,” என்றார் இவர்.

“இன்னா அண்ணாச்சி, வண்டு கீதே. திருப்பலியா?”

“அவ்வளவும் ஒண்ணும் கெடல. மாடியில வெயில்ல விரி. பாத்துக்கலாம்.”

அந்த மனிதர் கல்லாவில் இருந்த என்னைப் பார்த்தார். அண்ணாச்சிக்கு எதாவது ஆகிவிட்டதா என்று அந்தப் பார்வை கேட்டது. நான் கல்லாப்பெட்டிக்குள் குனிந்து சில்லறை தேடினேன், கண்ணில் தண்ணீர் நின்றதை அவர் பார்க்கக் கூடாது என்று.

சாயங்காலம் மாடிக்குப் போனேன். துறைமுகத்துப் பக்கமிருந்து வந்த காற்றில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, விரித்த உளுந்துக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பொறுக்கினோம்.

“அடுத்த ரத்தப் பரிசோதனை எப்பளா?” என்று அவராகவே கேட்டார்.

“திங்கக்கிழமை.”

“பயமெல்லாம் ஒண்ணும் இல்ல,” என்றார். கை காது மடலுக்குப் போயிருந்தது. “ஆனா நீயும் வா.”